கடலுக்குள் போன வளவு

“ஆர் தங்கச்சி என்ர வளவைக் கடலுக்குள்ள தள்ளினது?”

கேட்டவர் நிலாவெளியில் இருந்து வந்த ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. எங்கள் கந்தோர் அனுப்பிய கடிதத்தை என் மேசையில் வைத்தார். அதற்கு மேல் ஒரு கயிற்றுச் சுருளைப் பொத்தென்று போட்டார். கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிறு. மீன் மணமும் கடல் மண்ணும் அப்படியே அதில் இருந்தன. என் கீபோர்டுக்குள் மண் கொட்டிவிட்டதே என்றுதான் எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது.

“ஒருத்தரும் தள்ளேல்ல அக்கா. கொம்பியூட்டர் அளந்து சொன்னது” என்றேன்.

“அப்ப உங்கட கொம்பியூட்டரை பஸ்ஸில ஏத்திக்கொண்டு வாங்கோ. கடற்கரைச் சிவப்புக் கல்லடியில வைச்சு நான் அளந்து காட்டுறன்.”

சுவரோர வாங்குப் பலகையில் காத்திருந்த சனம் சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. நான் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். என் வேலையில் பிழை சொன்னால், சொன்னவர் சொல்லி முடிக்கும்வரை பொறுக்க என்னால் ஏலாது. அதுவும் வளவுகளை அளக்கும் அந்த வலைப்பக்கம் நான் எழுதிய பக்கம். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. திருகோணமலையில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணலாம் என்ற காலம். அந்தக் கையில் பெருவிரல் நான்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடல் வந்து ஊர்களை அள்ளிக்கொண்டு போய் ஒரு வருடம் கழிந்திருந்தது. இனிமேல் கடலுக்குக் கிட்ட வீடு கட்டக் கூடாது என்று கரை நீளத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். மணலில் சிவப்புப் பூசிய கற்களை நட்டார்கள். உடைந்த வீடு கல்லுக்குக் கடற்பக்கம் இருந்தால், அந்த வளவை, வீட்டு நிலத்தை, விட்டுவிட வேண்டும். உள்ளே எங்கேயாவது வேறு வீடு கிடைக்கும். தரைப்பக்கம் இருந்தால் சொந்த வளவிலேயே கட்டலாம். எந்த வீடு எந்தப் பக்கம் என்று பதிந்து கொடுப்பது எங்கள் கந்தோரின் பொறுப்பு.

அதற்காக நான் ஒரு வலைப்பக்கம் செய்தேன். கரையோரத்து நில அளவைப் படத்தை ஸ்கான் பண்ணி அதில் போட்டேன். வந்தவர் திரையில் விரல் வைத்துத் தன் வளவைக் காட்டுவார். பதிகிறவர் அந்த இடத்தில் மவுஸை அமத்துவார். அமத்திய இடத்தின் எண்ணை என் நிரல் எடுத்து, கோட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை மீற்றர் என்று கணக்குப் பார்த்து வைக்கும். படத்தில் ஒரு பிக்சல் என்றால் நிலத்தில் இரண்டு மீற்றர். பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று படத்துக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைப் பட்டியும் விட்டேன். வந்து பார்த்த பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியைப் பாராட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த அக்காவின் கடிதத்தில் நான் கணக்குப் பார்த்த எண்தான் இருந்தது. கோட்டுக்குக் கடற்பக்கமாகப் பதினாறு மீற்றர். பாலையூற்றுப் பக்கம் வேறு வீடு ஒதுக்கப்படும்.

“பாலையூற்று நல்ல இடந்தானே அக்கா. நானும் அங்கதான் இருக்கிறன்.” ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“உங்களுக்கு நல்ல இடம். என்ர மனுசன் விடிய நாலு மணிக்கு வலையடியில நிக்க வேணும். பாலையூற்றில இருந்து வாறதெண்டா ரெண்டு செக்பொயின்ற். ஆறு மணிக்கு முதல் ஒருத்தரையும் விடமாட்டாங்கள். ஆறு மணிக்குப் பிறகு அந்த மனுசன் போய்ச் சேர வலை இழுத்து மீனும் பிரிச்சிருப்பாங்கள். பிறகு என்னத்தைத் தின்னுறது, உங்கட பச்சைக் கலரையா?”

பச்சைப் பட்டியை அவரும் பார்த்திருக்கிறார்.

சண்டை நிறுத்தம் அப்போது பேருக்கு இருந்தது. எங்கள் யன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறிபோல ஒட்டுப்பட்டி போட்டிருந்தோம், வெடிச் சத்தத்துக்கு உடைந்தால் சிதறாமல் இருக்க. துறைமுகத்துக்கு மேலே ஹெலி சுற்றினால் வீதியில் போகிறவர்கள் றோட்டைப் பூட்ட முதல் வீடு போய்ச் சேரலாமோ என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கிழமைக்கு ஒரு ஹர்த்தால். அந்த நிலைமையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தைக் கடற்கரையில் இருந்து எடுத்து செக்பொயின்றுக்கு அந்தப் பக்கம் வைத்தால், அதோடு அந்தத் தொழில் சரி. அது எனக்கும் விளங்கியது. ஆனாலும் என் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அடுத்த நாள் காலையில் இந்த வளவுகளின் பட்டியல் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போகப் போகிறது. போனால் போனதுதான், பிறகு ஒருவராலும் மாற்ற ஏலாது.

“நீங்கள்தானே அக்கா வந்து விரல் வைச்சுக் காட்டினது? நீங்கள் பிழையாக் காட்டியிருப்பீங்கள்.”

“ஆர், நானோ? வீடு போயிட்டுது, சாமான் சட்டு போயிட்டுது, மிஞ்சினது அந்தக் கிணறு ஒண்டுதான். அதை எனக்குக் காட்டத் தெரியாதோ? நான் விரல் வைச்ச இடத்திலதான் அந்தப் பிள்ளை அமத்தினது. என்ர கிணத்துக்கு மேல வட்டம் வந்ததை நான் என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்.”

வட்டமா? என் பக்கத்தில் வட்டம் எதுவும் இல்லை. அமத்தினால் எண் மட்டும் பதியும். புள்ளி, வட்டம் போன்ற கூத்தெல்லாம் தேவையில்லை என்று நான்தான் போடாமல் விட்டேன்.

“என்ன வட்டம்?”

“சின்ன வட்டம். நடுவில குத்து. மேலயும் கீழயும் அம்புபோல.”

பதிந்த பிள்ளை குறிஞ்சாக்கேணியில் இருந்து வருகிறவள். அவளை எல்லாரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். விடியப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் துறை கடந்து, பஸ் பிடித்து, எங்களுக்கு முதல் வந்து இருப்பாள். அவளுடைய மேசை அடுத்த அறையில். அங்கேதான் புதிதாக நன்கொடையாய் வந்த கணினி இருந்தது. பழைய கணினிகளில் நீல நிற ‘e’ எழுத்துப் போட்ட இணைய உலாவிதான். அதில் வைரஸ் தொல்லை தாங்க முடியாமல், புதியதில் நரி படம் போட்ட உலாவியை நானே ஏற்றினேன். ஏற்றிவிட்டு என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படம் வந்தது, பச்சைப் பட்டி வந்தது. சரி என்று எழும்பி வந்துவிட்டேன். அமத்திப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது.

அக்காவையும் கயிற்றையும் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

“தங்கச்சி, ஒரு வளவு பதிஞ்சு காட்டும் பாப்பம்.”

அவள் படத்தில் ஓர் இடத்துக்கு மவுஸைக் கொண்டுபோனாள். நடு விரலால் மவுஸின் நடுச் சில்லை, அந்தச் சின்னச் சக்கரத்தை, அமத்தினாள். அந்த இடத்தில், அச்சொட்டாக அந்த இடத்தில், ஒரு சின்ன வட்டம் வந்தது. மேலும் கீழும் அம்பு. பிறகு இடது பொத்தானை ஒருமுறை தட்டினாள், வட்டம் போய்விட்டது.

அது உலாவியின் சொந்த வட்டம். நடுச் சில்லை அமத்தினால் பக்கத்தை மேலும் கீழும் உருட்டுவதற்காக அது காட்டுகிற அடையாளம். என் நிரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“ஏன் சில்லை அமத்துறீர்?”

“இடது பக்கத்த அமத்தினா ஒண்டும் நடக்கல்ல மிஸ். சில்ல அமத்தினா பதியிது, வட்டமும் வருது. வட்டம் வந்தா பதிஞ்சிட்டுது என்டுதான் நான் நினச்சன். இந்த மெசினுக்கு இப்பிடித்தான் போல என்டு...”

“எத்தினை நாளா?”

“வந்த நாள்ல இருந்து.”

“அட கடவுளே! என்னட்டக் கேட்டிருக்கலாமே!”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “முதல் கிழம ஒண்டு கேட்டன் மிஸ். நீங்க ஏசினீங்க. அதுக்குப் பிறகு கேக்கப் பயம்.”

நிலாவெளி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். அது ஆம்பிளைகளுக்குச் சொன்ன கதை என்று நான் நினைத்திருந்தேன்.

இடது பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. பொத்தானை அமத்தியதும் எந்தப் பொத்தான் என்று உலாவி ஓர் எண் சொல்லும். இடது பொத்தானுக்கு நீல உலாவி ஒன்று என்று சொல்லும். நரி பூச்சியம் என்று சொல்லும். நரியிடம் ஒன்று என்றால் நடுச் சில்லு. நான் நீல உலாவியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒன்று வந்தால் மட்டும் பதி என்று எழுதி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை பாவம், ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்துத் தானாகவே வழி கண்டுபிடித்திருக்கிறாள். கேட்கப் பயந்து கண்டுபிடித்த வழி.

ஆனால் எந்தப் பொத்தானை அமத்தினாலும் இடம் இடம்தானே? வட்டம் கிணற்றுக்கு மேல் வந்திருக்கிறது. அப்படியென்றால் கிணறு எப்படிப் பதினாறு மீற்றர் கடற்பக்கம் போனது? இணையத்தில் தேடலாம் என்றால் இரண்டு நாளாகத் தொலைபேசி இணைப்பு இல்லை. நிரலை எத்தனை தரம் வாசித்தாலும் பிழை தெரியவில்லை. எழுதியவளுக்கே தன் முதுகு தெரியாது.

“அக்கா, உங்கட கயித்துக் கதையைச் சொல்லுங்கோ” என்றேன். குரல் எனக்கே தணிவாகக் கேட்டது.

அவர் சுருளை அவிழ்த்தார். நேற்றுப் பின்னேரம் சிவப்புக் கல்லில் ஒரு நுனியைக் கட்டி, கிணற்றுக்கட்டு வரைக்கும் கயிற்றை இழுத்துப் பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார். பிறகு அதைப் பாகம் போட்டிருக்கிறார். பாகம் என்பது கரைவலைக்காரரின் அளவு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியில் இருந்து மற்ற விரல் நுனி வரை ஒரு பாகம். வலைக் கயிறு, கடலின் ஆழம் எல்லாம் அவர்களுக்குப் பாகக் கணக்குத்தான்.

“தரைப்பக்கமா இருபது பாகம். ஒரு சாண் கூடாது, குறையாது.”

“ஆரின்ர பாகம்? உங்கட மனுசன்ரயோ?”

“என்ர. நான்தானே அளந்தனான்.”

எனக்கு மீற்றர் வேண்டும். மேசை லாச்சியில் தையல் நாடா ஒன்று கிடந்தது. அக்கா அறையின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். ஒரு நுனியைத் தங்கச்சி பிடித்தாள், மற்ற நுனியை நான் பிடித்தேன். கதவடியில் சனம் கூடிவிட்டது. “மிஸ், சட்டை தைக்கவோ?” என்று யாரோ கேட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மீற்றர் அறுபது.

இருபது பாகம் என்றால் முப்பத்திரண்டு மீற்றர் தரைப்பக்கம். என் கணினி சொன்னது பதினாறு மீற்றர் கடற்பக்கம். இரண்டையும் கூட்டினால் வித்தியாசம் நாற்பத்தெட்டு மீற்றர். ஒரு பிக்சலுக்கு இரண்டு மீற்றர். நாற்பத்தெட்டை இரண்டால் பிரித்தேன்.

இருபத்துநாலு.

அந்த எண்ணை எனக்குத் தெரியும். நானே என் கையால் எழுதிய எண். என் பச்சைப் பட்டியின் அகலம் இருபத்துநாலு பிக்சல்.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். மவுஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டால், நீல உலாவி படத்தின் ஓரத்தில் இருந்து அளந்து சொல்லும். நரிக்கு அந்தக் கேள்வியே தெரியாது. அதனிடம் அதுபோல வேறொரு கேள்வி இருந்தது. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதைக் கேள் என்று ஒரு வரி எழுதினால் இரண்டு உலாவிக்கும் பொருந்தும் என்று இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். நான் விளங்காமலே அதைப் பிரதி பண்ணினேன். நரி அளப்பது படத்தின் ஓரத்தில் இருந்து அல்ல, பக்கத்தின் ஓரத்தில் இருந்து. படத்துக்கும் பக்கத்தின் ஓரத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது? எல்லாரும் பாராட்டிய என் பச்சைப் பட்டி. நரி அதையும் சேர்த்துக் கூட்டியது. படத்தில் வலப்பக்கம் கடல். ஆகவே தங்கச்சியின் மேசையில் பதிந்த ஒவ்வொரு வளவையும் நான் நாற்பத்தெட்டு மீற்றர் கடலை நோக்கித் தள்ளி வைத்திருந்தேன்.

“அக்கா,” என்றேன், “நான்தான் தள்ளினனான்.”

“அப்ப இழுங்கோ” என்றார் அக்கா. பிறகுதான் கதிரையில் இருந்தார்.

எங்கள் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். ஆனால் மேலிடத்துக்குப் பயம். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“யானைக்கும் அடி சறுக்கும் பிள்ளை. அந்த மெசினில பதிஞ்ச எல்லாத்திலயும் இருபத்துநாலைக் கழிச்சுவிடும். அலுவல் முடிஞ்சுது. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை.”

“இல்லை சேர். எது எந்த மெசினில பதிஞ்சதெண்டு முழுக்க நிச்சயமில்லை. சில நாள் தங்கச்சி என்ர மெசினிலயும் பதிஞ்சவள். பிழையாக் கழிச்சா, கடலுக்குள்ள இருக்கிறதைக் கரையில ஏத்திப்போடுவன். பக்கத்தைத் திருத்திப்போட்டு எல்லாத்தையும் திரும்பப் பதியிறன்.”

“நாளைக்குக் காலமை லிஸ்ற் போகுது.”

“போகும் சேர். இண்டைக்கே முடிப்பன்.”

“முதல் கடிதம் போயிட்டுதே?”

“திருத்தின கடிதம் போகட்டும். கொம்பியூட்டர் பிழை எண்டு எழுதாதேங்கோ. எழுதினவவின்ர பிழை எண்டு எழுதுங்கோ.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு வசனத்தை நான் சொன்னேனே என்று எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்? கோபக்காரி, அகம்பாவம் பிடித்தவள் என்று என்னைப் பற்றிச் சொன்னவர்கள் உண்டு. அந்த அகம்பாவம்தான் அன்றைக்கு என்னைப் பிழையை மூடி வைக்க விடவில்லை. என் பேரில் ஒரு பிழையான பட்டியல் கச்சேரி அலுமாரியில் கிடக்கிறது என்ற நினைப்போடு என்னால் சோறு தின்ன ஏலாது.

பதினொரு மணி ஆகியிருந்தது. புதிதாக எழுதத் தொடங்கினேன். இரண்டு உலாவிகளும் ஒரே மாதிரிப் பதில் சொல்லும் கேள்வி ஒன்று இருந்தது: திரைச் சட்டத்துக்குள் மவுஸ் எங்கே நிற்கிறது என்பது. அதை எடுத்து, பக்கம் எவ்வளவு உருண்டிருக்கிறதோ அதைக் கூட்டி, படம் எங்கே தொடங்குகிறதோ அதைக் கழித்தேன். பட்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இனிக் கணக்குக் கெடாது. பொத்தானுக்கும் அதனதன் எண்ணைக் கொடுத்தேன். படத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் சின்னச் சிலுவை போட்டு, என் கணினியில் நானும் நரியில் தங்கச்சியும் அதே சிலுவையை ஒரே நேரத்தில் அமத்தினோம். “எத்தினை?” என்று இந்த அறையில் இருந்து நான் கத்துவேன். அந்த அறையில் இருந்து அவள் எண் சொல்லுவாள்.

முதல் சிலுவையில் இரண்டு வித்தியாசம். நீல உலாவி இரண்டு பிக்சல் கூடச் சொன்னது.

“ரெண்டுதானே மிஸ்” என்றாள் தங்கச்சி.

“ரெண்டு எண்டா நாலு மீற்றர். நாலு மீற்றர் எண்டா அடுப்போட ஒரு குசினி. ஆரின்ர குசினியைக் கடலுக்குள்ள விடுவம்?”

வாங்கில் இருந்த நிலாவெளி அக்கா கைகொட்டிச் சிரித்தார். நீல உலாவி தன் சட்டத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு பிக்சல் கரை வைத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. அதையும் கழித்தேன். பக்கத்தை உருட்டிவிட்டு அமத்தினால் இன்னொரு கோளாறு. எவ்வளவு உருண்டது என்ற கணக்கை உலாவி ஓர் இடத்தில் எழுதி வைக்காமல், சில வேளை ஒன்றிலும் சில வேளை மற்றதிலும் எழுதி வைத்திருந்தது. இரண்டையும் பார் என்று எழுதினேன். இடையில் மூதூர்ப் பக்கம் இரண்டு முறை வெடி அதிர்ந்தது, யன்னல்கள் குலுங்கின. பிறகு நான் “எத்தினை?” என்று கத்தினேன்.

ஒன்றரை மணிக்கு ஐந்து சிலுவையிலும் இரண்டு அறையிலும் ஒரே எண் வந்தது. மேலே உருட்டினாலும் ஒரே எண், கீழே உருட்டினாலும் ஒரே எண். கதிரையில் இருந்து எழும்பி, தனியாக யன்னலடியில் நின்று துறைமுகத்தைப் பார்த்தேன். இணையம் இல்லாமல், ஒருவரிடமும் கேட்காமல், இரண்டு உலாவியையும் ஒரு சொல் சொல்ல வைத்துவிட்டேன். யாராவது பாராட்டினார்களா? யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, அதுவே போதும்.

இன்னொன்றும் செய்தேன். அமத்திய இடத்தில், நிரல் பதிந்த அதே எண்ணில், ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்படி வைத்தேன். முதல் நாளே வைத்திருக்க வேண்டியது.

தங்கச்சி மூன்று மணிக்குக் கந்தோரில் இருந்து வெளிக்கிட வேண்டியவள். பாதை நின்றுவிட்டால் அவள் துறைக்கு இந்தப் பக்கம் தனியே. “நீர் போம், நான் பாக்கிறன்” என்றேன்.

“இல்ல மிஸ். என்ட கையால அமத்தினது, என்ட கையாலயே அமத்துறன். கடசிப் பாதைக்குப் போறன் என்டு உம்மாக்குச் சொல்லி விட்டுட்டன்.”

“தங்கச்சி,” என்றேன், “அண்டைக்கு ஏசினதுக்கு...” மேலே சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத கதை.

“சரி மிஸ்” என்றாள். “இப்ப ஒண்டு கேக்கவா? இந்தப் பச்சப் பட்டிய எடுக்கப் போறீங்களா?”

“ஓம்.”

“எடுக்காதீங்க. வடிவா இருக்கிது.”

எடுக்கவில்லை.

முதலாவதாக நிலாவெளி அக்காவைக் கூப்பிட்டோம். அவர் திரையில் விரல் வைத்தார். தங்கச்சி இந்த முறை இடது பொத்தானை அமத்தினாள். கிணற்றுக்கு மேல் சிவப்புப் புள்ளி வந்தது. கீழே எழுத்து: தரைப்பக்கம், முப்பத்திரண்டு மீற்றர். நான் வாசித்துச் சொன்னேன். அக்கா உதட்டுக்குள் ஏதோ எண்ணினார்.

“இருபது பாகம்” என்றார்.

“இருபது பாகம்” என்றேன் நானும்.

அவர் அழுதார். நான் பார்க்காததுபோல பிறிண்டருக்குக் கடதாசி வைத்தேன். பிறகு அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.

கிராம சேவகர் தந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு மிச்ச எல்லா வளவுகளையும் இரண்டு கணினியிலும் மளமளவென்று பதிந்தோம். பொறுப்பாளரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து பேர் வாசித்தார். பதினொரு வளவுகள் கரையேறின. கரையேறாதவையும் இருந்தன, அவை உண்மையாகவே கல்லுக்குக் கடற்பக்கம் இருந்தவை. அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. தங்கச்சி கடைசிப் பாதையைப் பிடித்துவிட்டாள். அடுத்த நாள் ஹர்த்தால். பஸ் ஓடவில்லை. பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கச்சேரிக்கு நடந்தே போய்க் கொடுத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு நிலைமை கெட்டது. றோட்டுப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. திறந்திருந்த ஒரு நாள், கரையோர பஸ்ஸில் ஏறி நிலாவெளிக்குப் போனேன். ஏன் போகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இந்த நேரத்தில் பைத்தியமா என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும்.

சிவப்புக் கல்லில் இருந்து கயிறில்லாமல் நடந்தேன். வளவில் கல்லுச் சுவர் எழும்பித் தகரம் போட்டிருந்தது. அக்கா என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், வீட்டுக்குள் இல்லை, கடற்கரைக்கு. வலை இழுத்து முடித்துவிட்டு அவருடைய மனுசனும் மற்றவர்களும் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இஞ்ச பாருங்கோ,” என்று அக்கா அந்தக் கரை முழுக்கக் கேட்கக் கத்தினார், “இவதான் எங்கட வளவைக் கடலுக்குள்ள தள்ளினவ!”

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவர் என் கையை விடவில்லை.

“இழுத்துக் கரையேத்தினதும் இவதான்.”